திமிங்கல எலும்புக்கு முன்னால் ஒரு பெரியவர்

"மீனவ சனங்களுக்கு மியூசியம், லைப்ரரி இதிலெல்லாம் ஆர்வம் கிடையாதுங்க. நாம என்ன செஞ்சாலும் வரமாட்டாங்க." பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய ஒரு கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், நல்லெண்ணம் உள்ள ஒருவர்தான் இதைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் கையில் வடையை வைத்துக்கொண்டு மறுப்பு எதுவும் சொல்லாமல்தான் நின்றேன், ஏனென்றால் அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு செருப்புக்குள் போன மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் தரங்கம்பாடியை மனதில் வைத்துச் சொன்னார். அந்த ஊருக்கு நான் அடிக்கடி போகிறவன். அவர் சொன்னதில் பாதி கண்ணால் பார்த்த உண்மை என்பதுதான் சிக்கல். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள், புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள், டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும்கூட வருகிறார்கள். நடக்கிற தூரத்தில் இருக்கும் மீனவர் தெருக்களிலிருந்து யாரும் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வந்தாலும் கோட்டை மதிலின் நிழலில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

தரங்கம்பாடி வரலாற்றை இங்கே முழுக்க எழுதப் போவதில்லை, பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்ததுதான். 1620இல் டேனிஷ் தளபதி ஓவே யெட்டே கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், 1792ஆம் வருடத்து நகர வாயில், கடைசியில் 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது. இதையெல்லாம் பார்க்க இந்தச் சின்ன ஊரில் இருக்கிற ஏற்பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைப் பழுதுபார்த்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்து பிராங்கே அறக்கட்டளை முன்னின்று, 2017இலிருந்து அதையும் ஒரு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். டேனிஷ் ஆர்வலர்கள் சங்கம் ஒன்று தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகமும் உண்டு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் இந்த ஊருக்கென்றே தனித் திட்டம் வகுத்து வருடக்கணக்கில் வேலை செய்தது. அவர்கள் வந்து செய்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. செய்யாமல் போயிருந்தால் பாதிக் கட்டடம் இந்நேரம் செங்கல் செங்கலாகப் போயிருக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கரையின் கதையை யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை எடுத்துக் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று பார்த்தால், அந்தப் பட்டியலில் கடலுக்குப் போகிறவர் எவரும் இல்லை.

கோட்டை அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது? பீங்கான் சாமான்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள், வாள், குத்துவாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், சுடுமண் பொம்மைகள், கற்சிற்பங்கள். இவற்றோடு, கொஞ்சம் சம்பந்தமில்லாமல் வந்து உட்கார்ந்த மாதிரி, ஒரு திமிங்கலத்தின் எலும்புகளும் உண்டு. பெரும்பாலானவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் பலமுறை அப்படி நகர்ந்தவன்தான்.

அன்று நடந்தது

ஒரு சனிக்கிழமை. உள்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேனில் வந்திருந்தார்கள். ஆசிரியை ஒவ்வொரு பலகையாக உரக்க வாசிக்க, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். எழுதின பிள்ளைகள் எத்தனை பேர் பொருளைப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். அதே சமயம் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியிருப்பார், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, சம்பந்தி வீட்டாரை ஊர் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார். அவருக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜாடிகளைக் கடந்தார், வாள்களைக் கடந்தார். எலும்புக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார், கையை நீட்டினார். ஊழியர் "தொடாதீங்க ஐயா" என்றதும் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் சம்பந்தியிடம், குரலை ஒன்றும் தாழ்த்தாமல், சொல்ல ஆரம்பித்தார்.

"இது செத்து ஒதுங்கினது. உசுரோட இருக்கறத நான் பாத்துருக்கேன். கட்டுமரத்துல போற காலத்துல நாம தண்ணிக்கு ஒரு சாண் மேலதான் உக்காந்திருப்போம், அது நமக்குப் பக்கத்துல எழும்புனா நம்ம கண்ணுக்கு நேரா இருக்கும் அதோட முதுகு. அது ஊதுறப்போ காத்து நம்ம பக்கம் அடிச்சா ஒரு நாத்தம் வரும் பாருங்க, அழுவுன மீனு நாத்தம், ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது."

முதலில் ஒரு பையன் திரும்பினான். பிறகு இரண்டு பெண் பிள்ளைகள். ஆசிரியை வாசித்துக்கொண்டிருந்த பலகையின் நடுவில் கூட்டம் கலைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. "தாத்தா, ஆள முழுங்கிடுமா?" என்று ஒருவன் கேட்டான். "முழுங்காது. நம்மளக் கண்டுக்கவே கண்டுக்காது. ஆனா அது தெரியாம தட்டுனாப் போதும், மரம் கட்டு அவுந்துரும்." இன்னொருவன், செய்திகளில் பார்த்திருப்பான் போல, "அம்பர்னு ஒண்ணு அது வயித்துலேருந்து வருமாமே, கோடி ரூபாயாமே?" என்றான். பெரியவர் சிரித்துவிட்டார். "வேணாம்டா தம்பி, அதத் தொட்டா போலீசு வரும்" என்றவர், கட்டுமரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது புரிந்ததும், தரையில் குந்தி உட்கார்ந்து விரலால் கோடு போட்டுக் காட்டினார். நடுவில் இந்த மரம், ஓரத்தில் இவை, முன்னால் மேல்நோக்கி வளைந்த மரம், எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டு, ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மறுநாள் விடியுமுன்னே திரும்பக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இருட்டில், கை பழக்கத்தில்.

தொடாதீர்கள் என்று சொன்ன ஊழியரும் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை ஒருகட்டத்தில் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எழுதிக்குங்க, தாத்தா சொல்றத எழுதிக்குங்க" என்றார். எனக்கு அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சம்பந்தி வீட்டாருக்குத்தான் பசி, அவர்கள் மெதுவாக வாசல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள்.

ஆர்வமில்லை என்று சொன்னவரிடம் சொல்ல எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். அந்தப் பெரியவருக்கு அருங்காட்சியகத்தில் ஆர்வமில்லை என்பது சரியில்லை. அவருக்குத் தெரிந்தது என்று அங்கே அந்த எலும்பு ஒன்றுதான் இருந்தது. அது கிடைத்ததும் அந்த இடத்திலேயே அவரைவிட நன்றாகப் பேசக்கூடியவர் யாரும் இல்லை. நாம் இதுவரை கேட்டுக்கொண்டிருப்பது 'இவர்களை எப்படி உள்ளே வரவழைப்பது' என்பதைத்தான். இலவச அனுமதி, போட்டி, பரிசு, விழிப்புணர்வு முகாம் (இந்த விழிப்புணர்வு என்பது நம் ஊரில் எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும்). அவர்களிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கே போனது எல்லாம்

இப்படிச் சொன்னால் சிலருக்கு இது வெறும் உணர்ச்சிப் பேச்சாகத் தெரியும், அதனால் ஒரு உதாரணம். 2002இல் மாமல்லபுரத்துக்கு எதிரே கடலுக்கடியில் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தாரும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் முங்கிப் பார்த்துக் கட்டட எச்சங்களைக் கண்டார்களே, அந்தத் தேடலுக்குத் தூண்டுதலே அந்தக் கரை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதைகள்தான். வலை எங்கெங்கே மாட்டும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம். மாட்டுகிற இடத்தில் பாறை இருக்கும், உடைந்த கப்பல் இருக்கும், கட்டடமும் இருக்கலாம். பூம்புகார்க் கடலிலும் இதே தொல்லியல் வேலை நடந்தது, கிடைத்தவற்றை வைக்க அங்கேயே 1997இல் ஆழ்கடல் அகழ்வைப்பகம் என்று ஒன்றும் தொடங்கினார்கள். இந்தத் துறைக்கே கரையில் இருப்பவர்களின் அறிவுதான் முதல். ஆனால் காட்சிப் பலகையில் வரும்போது அது காணாமல் போய்விடுகிறது.

பட்டினப்பாலை நினைவிருக்கிறதா? புகார்ப் பரதவர் கடலுக்குப் போகாத முழுநிலா நாளில் சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்குகிறார்கள். வேளா மீனின் ரம்பம் போன்ற அந்தக் கொம்பைத்தான் சொல்கிறது என்று உரை எழுதியவர்களும் மீன் தெரிந்தவர்களும் சொல்வதுண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே இந்தக் கரைக்காரர்கள் கடலின் எலும்பை எடுத்து நடுவீட்டில் வைத்து அதற்கு முன்னால் கூடியிருக்கிறார்கள். அதைக் காட்சிப்பொருள் என்று அவர்கள் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், இந்தக் கரையில் எழுதப்பட்டவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது அனுப்பிய கடிதம், அங்கே இருப்பதுதான் முறை, சரி. இங்கிருந்து போன பனையோலைச் சுவடிகள் பல ஹாலேயிலும் கோபன்ஹேகனிலும் இருக்கின்றன. அந்த விஷயத்தில் சீகன்பால்குவிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் வந்த காரியம் மதம் பரப்புவது, அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் மொழி கற்க அவர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். சுவடி வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வீடு வீடாகத் தேடி வாங்கினார். இரண்டே வருடத்தில், 1708இல், தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப் பட்டியலும் எழுதி முடித்துவிட்டார். அப்புறம் அச்சகம் வந்தபோது ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. உடனே இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாரில் ஆலையே போட்டுப் பார்த்தார்கள். ஆக, இந்த ஊரில் புத்தகம் என்ற சமாச்சாரம் முதலில் வேலை செய்தது, புத்தகம் சேர்க்கிறவர் தெருவில் இறங்கி நடந்ததால். இன்று அந்த வீட்டை வரிசையில் நின்று பார்க்கிறோம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை

நூலகத்துக்கு வருகிறேன். நூலக விஷயத்தில் நம் மாநிலத்துக்கு வெளிநாட்டு உதவியெல்லாம் தேவையில்லை, நாம்தான் முன்னோடி. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. கடற்கரை ஊரில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் வீட்டு வரி கட்டினால் அதையும் சேர்த்துத்தான் கட்டுகிறார். இதற்கெல்லாம் மூளையாக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது சீர்காழி, 1892இல். தரங்கம்பாடியிலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று விதி சொன்னவர் அவர். அதையும் சேர்த்து நூலகத்துக்கென்று அவர் சொன்ன ஐந்து விதிகளும் புத்தகமாக வந்த அதே 1931இல்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். தொண்ணூறு வருடத்துக்கு முன்பு, ரோடு கிடையாது, மோட்டார் கிடையாது, மாடு இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு மீனவர் வீட்டு நாளை நினைத்துப் பாருங்கள். பின்னிரவில் எழுந்து கடலுக்குப் போனால் கரை திரும்ப விடிந்து வெகுநேரம் ஆகும். மீனைப் பிரித்து ஏலத்துக்குக் கொடுத்து, வலையைக் கழுவி, சாப்பிட்டுப் படுத்தால் மதியம் தூக்கம். பெண்கள் கூடையோடு சந்தைக்கோ தெருத்தெருவாகவோ போயிருப்பார்கள், அவர்களுக்கு அந்தத் தூக்கமும் இல்லை. சாயங்காலம் ஆண்கள் வலை பின்னும் கூடத்தில் இருப்பார்கள். அரசாங்கமே கட்டிக் கொடுத்த கூடம், மேலே கூரை, நாலு பக்கமும் திறந்த வெளி, பல மீனவ ஊர்களிலும் உண்டு. அங்கே கிழிந்த வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்ன, இன்னொருவர் தினத்தந்தியை உரக்க வாசிக்க, மூன்றாமவர் அதற்குக் குறுக்கே அரசியல் பேசுவார். என் கணக்கில் அந்த ஊரின் வாசகசாலை அதுதான். கிளை நூலகம் எங்கேயோ பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அருங்காட்சியகத்துக்கும் பெரும்பாலும் அதே வெள்ளிக்கிழமை. ஒருவருக்குத் தோதான நாளில் இரண்டில் ஒன்றாவது திறந்திருக்கட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நூலக நண்பர்கள் என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது, தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அது நல்ல திட்டம். அதில் வலைக்கூடத்தையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொண்டால் போதும், தனித் திட்டமே வேண்டாம்.

பொதுவெளிக் கலை என்று வந்தால் இதே கதைதான், கொஞ்சம் வேறு நிறத்தில். தரங்கம்பாடி ராஜா தெருவில் சீகன்பால்கு நிற்கிறார். பூம்புகாரில் 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, ஏழு நிலை மாடம், கண்ணகி கதை முழுக்கக் கல்லில். கணபதி ஸ்தபதியின் கைவண்ணம், எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளின் முன்பக்கத்தை நிதானமாக ஒரு நடை பார்த்துக்கொண்டே போங்கள். குலசாமி, தலைவர், நடிகர், செத்துப்போன மகளின் பெயர், பதிவு எண், ஒரு கண். எழுதுகிற ஓவியர் யார் என்று விசாரித்தால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவரிடம் எழுத வரிசை இருக்கும். எந்தக் கலை விழாவும் அவரைக் கூப்பிட்டதாக நான் அறியேன். அப்புறம் டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். 2004இல் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வருடந்தோறும் அந்தத் தேதியில் கடலில் பாலை ஊற்றிப் பூவைப் போடுகிறார்கள். நினைவுத் தூண்களும் கரை நெடுகக் கட்டியிருக்கிறார்கள், அதில் பல தூண்களில் கட்டிக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இறந்தவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

சுனாமி இன்னொன்றையும் செய்தது. நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரத்தை ஏறக்குறைய ஒழித்துக் கட்டிவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது, மோட்டார் வைத்த படகு இருக்கும்போது யார் துடுப்புப் போடுவார்கள்? ஆனால் மரம் தேர்ந்தெடுக்கிற கண், கட்டுப் போடுகிற கை, தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து நீரோட்டத்தைப் படிக்கிற பழக்கம், கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றைப் பிரித்துச் சொல்கிற அறிவு, இதெல்லாம் அறுபது எழுபது வயதுக்காரர்களோடு நின்றுவிட்டது. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பிறகு ஒருமுறை போயிருந்தேன். வாசலில் இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் கனத்த மரத்தை வைத்துப் பெஞ்சாக்கியிருந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஒரு முனை மேல்நோக்கி வளைந்திருந்தது, பக்கவாட்டில் கயிறு அழுந்தின பள்ளம் வழவழவென்று இருந்தது. "எங்க அப்பா மரம்" என்றார். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "கொடுத்தா நாங்க எதுல உக்கார்றது?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

மரம் வீட்டு வாசலிலேயே இருக்கட்டும், அவர் பேசினால் போதும் என்பது என் கட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் தடை என்றாலும் அந்த 61 நாளும் ஊரில் ஆள் இருக்கும், பேச நேரம் இருக்கும். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. நிகழ்ச்சி நடத்த இதைவிடத் தோதான காலத்தை எவரும் திட்டமிட்டுக்கூடக் கொடுக்க முடியாது. வாரம் ஒரு சாயங்காலம் வலைக்கூடத்தில் ஒரு பெரியவரோ ஒரு மீன்காரம்மாவோ பேச வேண்டும். காற்று, மீன் பெயர், ஏலம், பஞ்சாயத்து, கட்டுமரம், எதுவானாலும் சரி. பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுகள் கிளை நூலகத்துக்குப் போய், மற்ற நூல்களைப் போலவே எண் போட்டு அடுக்கப்பட்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதில் ஒரு படி கோட்டை அருங்காட்சியகத்தில் எலும்புக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இதை அந்தப் பக்கத்து வாசகர் வட்ட நண்பர் ஒருவரிடம் சொன்னேன். உற்சாகமாகக் கேட்டுவிட்டு, அச்சாகாத நோட்டை நூலகப் பதிவேட்டில் ஏற்ற விதி இருக்கிறதா, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற வகுப்பு எண்களில் எதில் போடுவது என்று கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர் தரப்பில் எல்லாம் சம்மதம்தான். மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். பஞ்சாயத்தாரைப் பார்க்க அடுத்த வாரம் போகிறோம். வகுப்பு எண் ஏப்ரலுக்குள் வந்துவிட்டால் நல்லது, வராவிட்டாலும் நோட்டு வாங்கி வைத்தாகிவிட்டது.